பேகம்பேட்டையில் ஒரு பழைய ஆஸ்பத்திரி



ஹைதராபாத் நகரின் வடமேற்கே சனத்நகர் என்றொரு பகுதி உண்டு. 'ஸனத்' என்னும் உருதுச் சொல்லுக்குத் தொழில் என்பது பொருள். நிஜாம் ஆட்சியின் இறுதிக் காலத்தில் ஆலைகள் எழுவதற்கென்றே அமைந்த இடமாதலின், பெயரும் அதற்கேற்ப வாய்த்தது. ஆலைச் சங்கு ஊதும் இடமெல்லாம் தமிழ்க் குரலும் கேட்கும் என்பது நம்மவர் வரலாறு. கடைசல் பிடிப்பவராகவும், கணக்கெழுதுபவராகவும், மேற்பார்வை பார்ப்பவராகவும் இங்கு வந்து குடியேறிய தமிழர் பலர். இவர்களுடைய இல்லங்களில் 'ஆஸ்பத்திரி' என்று சொன்னால் பெரும்பாலும் அது சனத்நகரிலேயே உள்ள இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியைத்தான் குறிக்கும். தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டு, 1952-இல் முதன்முதலாகக் கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்த திட்டத்தின் பயனாக நாடெங்கும் எழுந்த மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. இன்று அதனோடு ஒரு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்திருக்கிறது.

மழைக்காலம் வந்துவிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர் கூட்டம் பெருகும். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும் தாய்மார்கள், நடுங்கும் உடம்பைப் போர்வையால் மூடிக்கொண்டு வரும் ஆலைத் தொழிலாளர்கள், அவர்களுக்கிடையே வெப்பமானியும் குறிப்பேடுமாக நடமாடும் செவிலியர்கள், இவையே அங்கு நாம் காணும் காட்சி. காய்ச்சல்காரரின் விரல் நுனியைக் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். ஏன் எடுக்கிறார்கள், அதில் எதைத் தேடுகிறார்கள் என்பதை அறிய விரும்புவோர் வெகுதூரம் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. சனத்நகரிலிருந்து சில கல் தொலைவில், பேகம்பேட்டையில், அதற்கு விடை சொல்லும் சிறு கட்டடம் ஒன்று நிற்கிறது. அதைக் காணவே ஒரு நாள் காலையில் நாங்கள் சிலர் சேர்ந்து புறப்பட்டோம்.

பேகம்பேட்டை என்றதும் பலருக்கு விமான நிலையமே நினைவுக்கு வரும். 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பயணிகள் விமானப் போக்குவரத்து ஷம்ஷாபாதுக்கு மாறிய பின்னும் அந்த நினைவு மாறவில்லை. அவ்விமான நிலையத்தை அடுத்து நிற்கும் இந்தப் பழைய கட்டடம் சர் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவரின் நினைவில்லம். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. சாலார் ஜங் அரும்பொருட்காட்சி சாலையைப் போல அறை அறையாகச் செல்வம் குவிந்திருக்கும் என்று எண்ணிச் செல்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். விரைவாக நடந்தால் சில நிமிடங்களில் பார்த்து முடித்துவிடலாம். இருந்தாலும் உலகில் எத்தனையோ பெரிய காட்சி சாலைகளுக்கு இல்லாத ஒரு பெருமை இதற்கு உண்டு. அங்கெல்லாம் பொருள்களை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருப்பார்கள். இங்கே நிகழ்ச்சி நடந்த இடமே காட்சிப் பொருள்.

1897-ஆம் ஆண்டில் இது பட்டாளத்து ஆஸ்பத்திரி. எந்தப் பட்டாளம் என்று கேட்டால் நம்மவர்க்கு ஆர்வம் பிறக்கும். பத்தொன்பதாவது சென்னைக் காலாட்படை என்பது அதன் பெயர். சென்னை இராஜதானியில் தமிழரையும் தெலுங்கரையும் தென்னாட்டு முஸ்லிம்களையும் சேர்த்துத் திரட்டிய படைகளுள் ஒன்று அது. 1798-இல் நிஜாமும் ஆங்கிலக் கம்பெனியும் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாக, ஹைதராபாதுக்கு அருகில் தண்டு இறங்கிய சேனைக்காக ஓர் ஊர் எழுந்தது. 1806-இல் சிக்கந்தர் ஜா என்னும் நிஜாமின் பெயரால் அது சிக்கந்தராபாத் ஆயிற்று. படை வந்தால் படையோடு சமையற்காரரும், சலவைத் தொழிலாளரும், தச்சரும், தானியம் அளக்கும் வியாபாரியும், கணக்கப்பிள்ளையும் வருவார்கள் அல்லவா? சிக்கந்தராபாத்தில் பல தலைமுறையாக வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பழங்கதை அந்தத் தண்டிலேதான் தொடங்குகிறது. ஆலைக்காக வந்த சனத்நகர்த் தமிழர், பட்டாளத்தோடு வந்த சிக்கந்தராபாத் தமிழருக்கு இளைய தலைமுறை என்று சொல்லலாம்.

அந்தப் பட்டாளத்துக்கு மருத்துவராக 1895-இல் வந்து சேர்ந்தவர்தாம் ரொனால்டு ராஸ். இவர் 1857-இல் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தவர். தந்தையார் இந்தியச் சேனையில் அதிகாரி. ராஸின் உள்ளம் இளமையில் கவிதையிலும் இசையிலும் கணிதத்திலும் திளைத்தது. மருத்துவம் பயின்றது தந்தையாரின் வற்புறுத்தலால். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். விருப்பமில்லாமல் ஒரு தொழிலில் நுழைந்தவர், அத்தொழிலின் மிகக் கடினமான கேள்வி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதை விடாமல் துரத்தினார்.

அந்தக் கேள்வி மலேரியாவைப் பற்றியது. இந்நோயின் பெயர்களைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 'மலேரியா' என்பது இத்தாலியச் சொல். கெட்ட காற்று என்று பொருள்படும். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே நோயைத் தருகிறது என்று மேனாட்டார் நெடுங்காலம் நம்பினார்கள். ஆகவே அப்பெயரில் உறைந்திருப்பது ஒரு பிழையான கொள்கை. நம் மக்கள் இதற்கு இட்ட பெயர் முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள், முறை தவறாமல் வருவதனால் அப்பெயர். முதலில் பல் கிட்டும் குளிர். பிறகு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும் சூடு. பிறகு போர்வை நனையும் வியர்வை. அப்பால் அயர்ந்த தூக்கம். மறுநாள் எழுந்து நடமாடுவான். அதற்கும் மறுநாள், அதே வேளையில், மீண்டும் குளிர்.

இந்த முறையைக் கண்டவர் யார்? காய்ச்சல்காரன் கண்டிருக்க மாட்டான். அவனுக்குப் பகலும் இரவும் ஒன்றாய்க் குழம்பியிருக்கும். ஒரு நாழிகை வந்து நாடி பார்த்துச் செல்லும் வைத்தியரும் தனியே கண்டிருக்க இயலாது. கட்டிலின் அருகே பாயை விரித்துக்கொண்டு, நெற்றியில் ஈரத்துணி போட்டு, கஞ்சி புகட்டி, நாளையும் வேளையையும் எண்ணிக்கொண்டிருந்த தாயோ, மனைவியோ, பாட்டியோ கண்ட உண்மை அது. இன்று நாம் அறிவோம்: நோய்க்கிருமிகள் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் வளர்ந்து பெருகி, ஒரு குறித்த கால அளவில் ஒரே சமயத்தில் அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவருகின்றன. ஒரு வகைக்கு அந்தக் காலம் நாற்பத்தெட்டு மணி. இன்னொரு வகைக்கு எழுபத்திரண்டு மணி. உடைபடும் நேரமே குளிர் வரும் நேரம். நோயாளியைப் பேணியவர்கள் கிருமியைக் கண்ணால் காணாமலே அதன் வாழ்க்கைக் கடிகாரத்தைக் கணித்துவிட்டார்கள். நம் மொழி அதைப் பெயராக்கிப் போற்றி வைத்திருக்கிறது.

கிருமியைக் கண்ணால் கண்டவர் லாவெரான் என்னும் பிரெஞ்சுப் படை மருத்துவர். 1880-இல் அல்ஜீரியாவில் காய்ச்சல்காரரின் இரத்தத்தில் அதைக் கண்டார். ஆனால் அக்கிருமி ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்கு எப்படிச் செல்கிறது என்பது விளங்கவில்லை. 1894-இல் விடுமுறையில் இலண்டன் சென்ற ராஸ், அங்கே பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதை முன்னமே கண்டறிந்தவர் மான்சன். மலேரியாவையும் கொசுவே சுமக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். ஆயினும் அவ்வூகத்தில் ஒரு கோணல் இருந்தது. கொசு நீரில் விழுந்து இறக்க, அந்நீரைப் பருகுபவருக்கு நோய் வருகிறது என்று அவர் கருதினார்.

இந்தக் கோணலால் நேர்ந்த ஒன்றையும் சொல்லவே வேண்டும். சிக்கந்தராபாத்துக்கு வந்த ராஸ், காய்ச்சல்காரரைக் கடித்த கொசுக்கள் இறந்து கிடந்த நீரைச் சிலருக்குப் பணம் கொடுத்துக் குடிக்கச் செய்து பார்த்தார். அவர்கள் இசைந்தே குடித்தார்கள். பணத்துக்காக இசையும் ஏழையின் இசைவு எத்தகையது என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம். இன்றைய மருத்துவ நெறிமுறைகள் அத்தகைய சோதனையை எளிதில் அனுமதிக்கமாட்டா. அச்சோதனையால் பயனும் விளையவில்லை. ராஸின் புகழைப் பாடும் ஏடுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நமக்கு அது சரியென்று தோன்றவில்லை.

இதற்கிடையில், வாந்திபேதியைத் தடுக்கும் சுகாதாரப் பணிக்காக ராஸ் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். ஆராய்ச்சி நின்றது. 1897-ஆம் ஆண்டு விடுப்பெடுத்துக்கொண்டு உதகமண்டலம் சென்றார். மலையின் அடிவாரக் காடுகளில் காய்ச்சல் மிகுதி என்று கேட்டு, சீகூர் மலைச்சரிவில் இறங்கி ஆராயப் போனார். ஆராயப் போனவரையே காய்ச்சல் பிடித்தது. நீலகிரியில் அப்போது அரசாங்கத்தார் சிங்கோனா மரங்களைப் பயிரிட்டுக் கொயினா மருந்துக்கு வழி செய்திருந்தார்கள். நோயும் மருந்தும் ஒரே மலையில் இருந்தன. காய்ச்சலோடு ராஸ் அங்கிருந்து கொண்டுவந்த இன்னொன்று, ஒரு கொசுவின் நினைவு. மற்றக் கொசுக்கள் சுவரில் உட்காரும்போது உடல் சுவருக்கு இணையாக இருக்கும். இதுவோ வாலைத் தூக்கிக்கொண்டு, தலை கீழாக, ஆணி அறைந்தாற்போல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சிறகுகளில் புள்ளிகள் இருந்தன.

அதுவரை அவர் அறுத்து அறுத்துப் பார்த்தவை சாம்பல் நிறக் கொசுக்களும், உடலில் வரியோடிய கொசுக்களும். இன்று நாம் அறிந்தபடி, முன்னது யானைக்கால் நோய்க்கு உரியது. பின்னது டெங்குக் காய்ச்சலுக்கு உரியது. மனிதரின் மலேரியாவை அவை சுமப்பதில்லை. தவறான கொசுவில் சரியான கிருமியை ஈராண்டாகத் தேடியிருக்கிறார்!

1897 ஆகஸ்டு மாதம். ராஸ் மீண்டும் பேகம்பேட்டையில் இருந்தார். ஆஸ்பத்திரி ஆட்கள் சுற்றுப்புற நீர்நிலைகளில் தேடிப் புட்டிகளில் கொண்டுவந்த புழுக்கள் சிலவற்றிலிருந்து, பழுப்பு நிறமும் புள்ளிச் சிறகும் கொண்ட கொசுக்கள் வெளிவந்தன. ஆகஸ்டு 16-ஆம் நாள், ஹுசேன் கான் என்னும் மலேரியா நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்துக் கொசுவலையைத் தொங்கவிட்டு, அந்தக் கொசுக்களை உள்ளே விட்டார்கள். வலை என்பது கொசுவை வெளியே நிறுத்துவதற்கு உள்ளது. அன்று அது கொசுவை உள்ளே நிறுத்தியது. கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா என்பது பேச்சு. இரத்தம் குடித்துப் பருத்த கொசுக்களைச் சோதனைக் குழாய்களில் பிடித்து வைத்து, நாளுக்குச் சிலவாக அறுத்துப் பார்த்தார் ராஸ்.

தக்காணத்து ஆகஸ்டு மாதம் எப்படியிருக்கும் என்பதை ஹைதராபாத் நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்யாத நாளில் புழுக்கம் உயிரை வாங்கும். பங்கா இழுத்தால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும். ஆகவே பங்கா இல்லை. நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த வியர்வை பட்டு நுண்நோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. கண்ணாடிச் சில்லு ஒன்று விரிசல் விட்டிருந்தது. கொசுவோ எள்ளளவு, அதன் இரைப்பை எள்ளிலும் சிறிது. அதை ஊசி முனையால் பிரித்து, ஓரம் ஓரமாக, அணு அணுவாகப் பார்க்க வேண்டும். ஒரு கொசுவுக்கு மணிக்கணக்கில் ஆகும்.

ஆகஸ்டு 20-ஆம் நாள், கையிலிருந்தவற்றுள் கடைசி இரண்டில் ஒன்றை அறுத்தார். இரைப்பையின் சுவரில் வட்டமான ஓர் உயிரணு தென்பட்டது. அதனுள் கரும்புள்ளிகள். அந்தக் கருமை கொசுவுக்கு உரியதன்று. மலேரியாக் கிருமி மனித இரத்தத்தின் செந்நிறப் பொருளைத் தின்று செரித்தபின் எஞ்சும் சக்கை அது. காய்ச்சல்காரரின் இரத்தத்தில் அவர் நூறு முறை பார்த்துப் பழகியது. மறுநாள் எஞ்சிய கொசுவை அறுத்தார். அதிலும் அதே உயிரணுக்கள். முன்னாளைக் காட்டிலும் பெரியவை. அப்படியானால் அவை கொசுவுக்குள் உயிரோடு வளர்கின்றன! ஐயம் தீர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 18-ஆம் நாள் வெளிவந்த பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் இச்செய்தி வெளியாயிற்று. ஆகஸ்டு 20 இன்றும் உலகெங்கும் கொசு தினம் என்று நினைவு கூரப்படுகிறது.

அந்தச் சிறிய கட்டடத்தில் நின்றபோது எங்கள் மனம் நுண்நோக்கியின் பக்கம் செல்லவில்லை. கட்டிலின் பக்கமே சென்றது. இரைப்பையில் கண்ட கரும்புள்ளி யாருடைய இரத்தம்? ஹுசேன் கானுடையது. அவன் உடம்பில் கிருமி இல்லாதிருந்தால், அல்லது அன்று எழுந்து போய்விட்டிருந்தால், கொசுக்கள் வெறுங்கொசுக்களாகவே செத்திருக்கும். அவனுக்கு அச்சோதனையால் பெருந்தீங்கில்லை என்பது மெய்தான். புழுவிலிருந்து வளர்த்த தூய கொசுக்கள் அவனிடமிருந்து நோயை எடுத்தனவே தவிர, அவனுக்குக் கொடுக்கவில்லை. ஆயினும் காய்ச்சலில் கிடப்பவன் மேல் கொசுவை ஏவி, அதை அவன் அசையாமல் பொறுப்பதென்றால் எளிதா? நல்ல வேளையாக ராஸ் தம் குறிப்புகளில் அவன் பெயரை எழுதி வைத்தார். புழு தேடிக் குட்டையில் இறங்கியவர்களுக்கும், வலையைப் பிடித்தவர்களுக்கும், கொசுவைக் குழாயில் வாங்கியவர்களுக்கும் புகழேடுகளில் அந்த இடமும் கிடைக்கவில்லை. பின்னாளில் கல்கத்தாவில் அவருக்குத் துணை நின்ற முகம்மது பக்ஸ் என்பவரின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. அன்று ஹுசேன் கானைப் பேணியவர் யார்? இன்று சனத்நகர் ஆஸ்பத்திரியில் நாம் காணும் செவிலியரைப் போல ஒருவர் அங்கே இருந்தாரா? இருந்திருக்க இடமில்லை. இந்தியச் சேனைக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் வந்தது 1888-இல். காதரீன் லாக் என்னும் அம்மையார் தலைமையில் இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு குழுவினர் வந்து இறங்கினார்கள். ஆனால் அவர்கள் பணி வெள்ளைச் சிப்பாய்களின் ஆஸ்பத்திரிகளோடு நின்றது. நம் நாட்டுச் சிப்பாயின் கட்டிலருகே இருந்தவர்கள் பட்டாளத்து ஆட்களும், சக சிப்பாய்களும், சிப்பந்திகளுமே. தண்ணீர் கொடுத்தார்கள், கம்பளி போர்த்தார்கள், கசப்பான கொயினாவை விழுங்கச் செய்தார்கள். அதையும் செவிலியர் பணி என்றே நாம் சொல்வோம். பயிற்சியும் பட்டமும் இல்லாத செவிலியர் பணி.

அந்நாளில் நம் சென்னை மாகாணம் இத்துறையில் பின்தங்கி இருக்கவில்லை என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுவது பொருந்தும். சென்னையில் மருத்துவச்சிகளுக்கு 1854-இலேயே பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. இலண்டனில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பெயரால் செவிலியர் பள்ளி தொடங்கியதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முந்தியது இது. 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையை அடுத்து 1909-இல் செவிலியர் பள்ளி எழுந்தது; 1946-இல் அங்கே அது பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்ந்தது. செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-இல் இயற்றப்பட்டது. அனைத்திந்தியச் செவிலியர் மன்றத்துக்கான சட்டமோ 1947-இல்தான் வந்தது. இன்று இந்தியாவின் எந்தப் பெருநகரத்து மருத்துவமனைக்குச் சென்றாலும், தமிழ் பேசும் செவிலியர் ஒருவரேனும் எதிர்ப்படுவார். இந்தப் பேச்சைக் கேட்போரிலும் அத்தகையோர் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஹைதராபாத் வந்தால் பேகம்பேட்டைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். அங்கே உங்கள் தொழிலைப் பற்றிய எழுத்து இராது. ஆனாலும் அது உங்களுக்கும் உரிய இடமே.

ராஸின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். கண்டுபிடிப்பு நிகழ்ந்த சில வாரங்களுக்குள் அவரை மலேரியாவே அரிதான இராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றினார்கள்! அதிகாரத்தின் விசித்திரங்களுள் இதுவும் ஒன்று. 1898-இல் கல்கத்தாவுக்குச் சென்று, பறவைகளைப் பீடிக்கும் மலேரியாவை ஆராய்ந்தார். கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது அடுத்த உடலுக்குள் பாய்கிறது என்பதை ஜூலை மாதத்தில் மெய்ப்பித்தார். நீரைப் பருகுவதால் நோய் வருகிறது என்ற பழைய ஊகம் அத்துடன் மடிந்தது. அவ்வாண்டின் இறுதியில் இத்தாலியில் கிராஸ்ஸியும் அவர் கூட்டாளிகளும், மனிதரின் மலேரியாவைச் சுமப்பது அனாபிலிஸ் கொசுவே என்று நிலைநாட்டினார்கள். பெருமை யாருக்கு என்பதில் ராஸுக்கும் கிராஸ்ஸிக்கும் மூண்ட பூசல் ஆயுள் முழுதும் தீரவில்லை. அதன் விவரம் படிக்கச் சுவையாயிராது. 1902-இல் மருத்துவத்துக்குரிய நோபெல் பரிசு ராஸுக்குக் கிடைத்தது. 1932-இல் அவர் காலமானார்.

கண்டுபிடித்ததனால் நோய் ஒழிந்ததா? விடுதலை பெற்ற வேளையில் இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் வாடினர். எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்பது அக்காலத்து மதிப்பீடு. 1953-இல் நாடளாவிய கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாக டி.டி.டி. தெளித்தார்கள். 1965-ஆம் ஆண்டளவில் நோயுற்றோர் தொகை ஒரு லட்சம் என்ற அளவுக்கு இறங்கியது. ஒழிந்தது என்றே பலரும் எண்ணிக் கவனத்தைத் தளர்த்தினார்கள். கொசுவும் மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1976-இல் அத்தொகை அறுபத்துநான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இலங்கையிலும் இதே கதை நடந்தது. 1963-இல் தீவு முழுவதிலும் நோயாளிகள் பதினேழு பேர் மட்டுமே; சில ஆண்டுகளில் அது பெருங்கொள்ளையாய்த் திரும்பி வந்தது. ஆனால் இலங்கையர் சோர்ந்துவிடவில்லை. போர்க்காலத்திலும் பணியை விடாமல் தொடர்ந்து, 2016-இல் மலேரியா நீங்கிய நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தாரின் சான்றிதழைப் பெற்றார்கள். நம் நாட்டில் தொகை வெகுவாகக் குறைந்திருந்தாலும் நோய் இன்னும் அடியோடு நீங்கவில்லை.

நகரத்துக் கொசு காட்டுக் கொசுவைப் போலன்று, நம்மோடு குடியிருப்பது. மூடாத நீர்த்தொட்டி, பயன்படாத கிணறு, கட்டடம் கட்டும் இடத்தில் தேங்கும் நீர், மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த டயர், இவையே அதற்குப் பிள்ளைப்பேற்று அறைகள். முட்டை முதிர்ந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் பிடிக்கும். வாரம் ஒருமுறை தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவும் வழக்கம் நம் பாட்டிமாருக்கு இருந்தது. தண்ணீர் விட்டு விட்டு வரும் நகர வாழ்க்கையில், இருக்கும் நீரைக் கொட்ட மனம் வருவதில்லை. சனத்நகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இது ஒரு வீட்டாரின் பொறுப்பாக நிற்பதும் இல்லை. நம் தொட்டியில் பிறந்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும்.

இனி நம் ஆஸ்பத்திரிச் செவிலியர் எடுத்த அந்த இரத்தத் துளிக்கு வருவோம். ஒரே தகட்டில் அதை இரண்டு வகையாகப் பரப்புவார்கள். ஒன்று தடித்த பூச்சு. மற்றொன்று மெல்லிய பூச்சு. தடித்ததில் கிருமி உண்டா இல்லையா என்று தெரியும். மெல்லியதில் அது எந்த வகை என்று தெரியும். வகை அறிவது மிக முக்கியம். ஒரு வகை மூளையைத் தாக்கிச் சில நாட்களிலேயே உயிரைக் குடிக்கவல்லது. இன்னொரு வகை ஈரலில் மறைந்து கிடந்து, மாதங்கள் கழித்து மீண்டும் தலைகாட்டும். மருந்தும் அதற்கேற்ப வேறுபடும். ஆகவே, 'குளிர் விட்டுவிட்டது, இனி எதற்கு மாத்திரை?' என்று நடுவில் நிறுத்துபவர்களைச் செவிலியர் கடிந்துகொண்டால் அதற்குக் காரணம் உண்டு. ஊர்ப் பயணம் போய்வந்த பிறகு காய்ச்சல் கண்டால், எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. அயலூரிலிருந்து கிருமி பிரயாணச் சீட்டில்லாமல் வரும்.

காய்ச்சல் அட்டையில் நான்கு மணிக்கொருமுறை வைக்கும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் மலையும் மடுவுமாக ஒரு வடிவம் எழும். முறைக்காய்ச்சல் என்று நம் முன்னோர் பெயரிட்டதன் சித்திரம் அது. இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து அந்தப் புள்ளியை வைப்பவர் செவிலியர். தகட்டின் ஓரத்தில் பென்சிலால் நோயாளியின் அடையாளத்தை எழுதிய பிறகே அது ஆராய்ச்சி அறைக்குப் போகும். யாருடைய இரத்தம் என்று தெரியாத தகடு பயனற்றது.

பேகம்பேட்டை செல்ல விரும்புவோர் முன்னதாக விசாரித்துக்கொண்டு செல்வது நல்லது. பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம். ஒரு மணி நேரம் போதும். 1997-இல் கண்டுபிடிப்பின் நூற்றாண்டை உலகெங்கிலுமிருந்து அறிஞர்கள் ஹைதராபாத்தில் கூடிக் கொண்டாடினார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். கல்கத்தாவில் வாழும் தமிழ் நேயர்களுக்கு அங்கேயே ஒரு வாய்ப்பு உண்டு. ராஸ் ஆராய்ச்சி நடத்திய மருத்துவமனை இன்று எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை என்று வழங்குகிறது. அதன் மதிலில் 1927-இல் ராஸின் முன்னிலையிலேயே திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் இருக்கிறது. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக முதுமலைப் பக்கம் இறங்கும் சாலை சீகூரைக் கடந்தே செல்கிறது. அவர் காய்ச்சலையும் புள்ளிச் சிறகுக் கொசுவையும் கண்டது அந்தச் சரிவிலேதான்.